மாரிக்கு நான் தராத குளுக்கோஸ்

மாரி அன்று நடிக்கவில்லை. அந்த டென்னிஸ் களத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே அவனைத் திருப்பி அனுப்பினேன்.

குற்றம் இவ்வளவுதான். விளக்கம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள். ஆனால் நான் சொல்லப்போகும் எதையும் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்... நானே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்கிறேன். தாளில் என் பதவிக்குப் பெரிய பெயர் உண்டு. சனங்களுக்கு நான் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுபவன், ஊசி குத்துபவன், ஊர் உடம்புகளின் இரகசியங்களைச் சுமப்பவன்.

எங்கள் தோட்டத்தில் பாதி இன்று செம்பனை. மீதியை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போய், செண்டாயான் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். துரைமார் விட்டுப்போன சிமெண்டு டென்னிஸ் களம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. ஆண்டுக்கொரு முறை அங்கே கோப்பைக்கான போட்டி. சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே பிழைத்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

ஊரெல்லாம் பந்தை உதைத்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் டென்னிஸ் ரசிகர்கள்! அந்த நினைப்பில் எங்களுக்கு எவ்வளவு திமிர்! எங்களில் பாதிப் பேர் மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் யார் ஆட்டத்தில் அழகு இருக்கிறது, யார் ஆட்டத்தில் இல்லை என்று தீர்ப்பு எழுத மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அழகு என்றால் எங்களுக்கு ஜெயபாலன் வாத்தியார். தோட்டத்துக் கணக்கு எழுதிய பழைய கிராணி வீட்டுப் பிள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. ஒற்றைக் கையால் அவர் பந்தைத் திருப்பினால், தோற்றவன்கூடக் கை தட்டுவான். நானும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர் ஜெயித்த ஆண்டுகளில் நானே ஜெயித்ததுபோல நடந்து திரிந்தேன்.

பிறகு மாரி வந்தான்.

ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளை. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவன் ஆட்டத்தில் அழகு என்று ஒன்றும் கிடையாது. ஓடுவான். எந்தப் பந்தையும் விடமாட்டான். எதிராளி சலித்துத் தவறு செய்யும்வரை திருப்பித் திருப்பி அடிப்பான். அப்படியே வாத்தியாரைத் தோற்கடித்தான். அடுத்த ஆண்டும் தோற்கடித்தான். அதற்கடுத்த ஆண்டும்... கோப்பை அவன் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை.

ஜெயித்துவிட்டு அடக்கமாகவாவது இருந்தானா? மார்பில் குத்திக்கொள்வான். கூட்டம் தன்னை ஏசும்போது காதில் கை வைத்து, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்பான். ஒரு முறை மட்டையைத் தரையில் அடித்து நொறுக்கினான். கோட்டைத் தொட்ட பந்துக்காக நடுவரோடு சண்டை போட்டான். இதையெல்லாம் நான் கூட்டிச் சொல்லவில்லை. மாரி நல்லவன் என்று நிறுவுவதற்காக நான் இங்கே வரவில்லை. அவன் கர்வக்காரன். அதுவும் உண்மை.

“ரொம்ப ஆக்‌ஷன் லா இவன்,” என்பார்கள் எங்கள் ஆட்கள். நான் தலையாட்டுவேன்.

எல்லாவற்றையும்விட அவர்களை எரிச்சலூட்டியது அவனுடைய இடைவேளைகள்தான். ஆட்டம் இறுகும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருவான். வந்ததும் புது ஆள்போல ஆடுவான். எதிராளியின் சூடு அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

“தோக்கப்போறான்னா ஒடனே வயித்துவலி வந்துரும்!”

“பையில என்னமோ மருந்து வச்சிருக்கான் லா. ஊசி போட்டுக்கறான்னு கேள்விப்பட்டேன்.”

எங்கள் கைப்பேசிப் புலனக் குழுவில் அவன் பெயரே ‘நடிகர் திலகம்’ என்றாகிவிட்டது. நாள் முழுக்க அதே கேலி. படித்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், கோயில் கமிட்டியில் இருப்பவர்கள்... கூச்சமே இல்லாமல் பேசினார்கள். ஒருவரை எல்லோருமாகச் சேர்ந்து வெறுப்பது எவ்வளவு சுகம் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் யாருக்காவது ரசிகராக இருந்திருப்பீர்கள்தானே?

அவன் ஊசி போட்டுக்கொண்டது உண்மை. அந்த ஊசியை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

மாரிக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய். சின்ன வயதிலேயே வருகிற வகை. இன்சுலின் இல்லாமல் அவனால் வாழ முடியாது. முதன்முதலில் எலும்பும் தோலுமாக என் மருந்தகத்துக்கு அவனை வீட்டார் தூக்கி வந்தபோது, இரத்தத்தைப் பார்த்துவிட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நான். திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“டிரெஸர் அண்ணே, வெளிய யாருக்கும் தெரிய வேணாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா ஃபோர்க்லிஃப்ட்ட விட்டு எறக்கிருவாங்க. அப்புறம்... மாரி சீக்காளியாம்னு ஒரு பய சொல்லிறக் கூடாது.”

நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றவும் செய்தேன். என்ன நேர்மை! அவனை நடிகன் என்று ஊரே ஏசியபோதும் வாயைத் திறக்கவில்லை. வாக்குக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அவன் ஏச்சு வாங்குவதைக் கேட்க எனக்கு இனித்தது. அதுதான் உண்மை.

கழிப்பறையில் அவன் விரலைக் குத்தி இரத்தம் பார்ப்பான். இறங்கியிருந்தால் சீனித் தண்ணீர் குடிப்பான், ஏறியிருந்தால் ஊசி. இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். நொறுங்கிய மட்டைக்கும் நடுவரோடு போட்ட சண்டைக்கும் பின்னால் எவ்வளவு கர்வம், எவ்வளவு நோய் என்று பிரித்துச் சொல்ல என்னால்கூட முடியாது. ஆனால் பிரிக்கவேண்டும் என்றுகூட ஒருபோதும் எனக்குத் தோன்றவில்லையே!

அந்த ஆண்டு புகார் அதிகமாகியது. போட்டிக் கமிட்டி கூடியது. இனிமேல் பையைத் தூக்கிக்கொண்டு யாரும் களத்தை விட்டுப் போகக்கூடாது, உடம்புக்கு ஏதாவது என்றால் முதலுதவி மேசைக்கு வரவேண்டும் என்று விதி போட்டார்கள். மேசைக்குப் பொறுப்பு நான். கமிட்டியிலும் நான். விதிக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

மாரி அதை எப்படி எடுத்துக்கொண்டான் தெரியுமா? மருந்தகத்துக்கு வந்து சிரித்தான்.

“பரவால்லண்ணே. மேசையில நீங்கதானே இருக்கப்போறீங்க.”

இறுதியாட்டம் வழக்கம்போல மாரிக்கும் வாத்தியாருக்கும். வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தார்ப்பாய்க் கூடாரத்தின் கீழே என் மேசை. பெட்டிக்குள் பஞ்சு, கட்டுத்துணி, இரத்தம் பார்க்கும் கருவி. மாரிக்காகவே வாங்கி வைத்த குளுக்கோஸ் பொட்டலங்கள்.

வாத்தியார் அன்று ஆடியதுபோல் வாழ்நாளில் ஆடியதில்லை. ஐம்பதை நெருங்கும் மனிதர்! முதல் செட்டைத் தோற்றார். இரண்டாவதைப் பிடுங்கினார். மூன்றாவதில் நான்குக்கு மூன்று என்று முன்னால் போனார். இன்னும் இரண்டே ஆட்டம் எடுத்தால் கோப்பை. கூட்டம் எழுந்து நின்றது. நானும் நின்றேன்.

பக்கம் மாறும் நேரத்தில் மாரி நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு என் மேசையை நோக்கி வந்தான்.

பிடித்துக்கொண்டது கூட்டம்!

“வந்துட்டான்டா நடிகன்!”

“வாத்தியாரே, விட்டுறாதீங்க! சூடு ஆறிறப்போவுது!”

கைதட்டல், சீழ்க்கை, ஊளை. குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்கூட ஊளையிட்டாள்.

மாரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. விரல்கள் மேசையைத் தட்டுவதுபோல் நடுங்கின. வார்த்தை குழறியது.

“அண்ணே... சீனித் தண்ணி முடிஞ்சிருச்சு. எறங்குது... குடுங்க...”

இரத்தம் பார்க்கத் தேவையே இல்லை. என் வேலையில் ஒரு நாள் பழகியவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

என் கை பெட்டியின் மூடி மேல் இருந்தது. திறந்திருக்கலாம். இரண்டு பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டியிருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவான். தெளிந்தால் ஓடுவான், திருப்பித் திருப்பி அடிப்பான், வாத்தியார் சலித்துப்போவார், கோப்பை மறுபடியும் அந்த வீட்டுக்கே போகும்... இத்தனையும் ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடியது. கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் கணக்குப் போட்டேன். இரண்டு ஆட்டம்தானே, தாங்கிவிடுவான், முடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“ஒண்ணுமில்ல மாரி. வெயிலு. போய் வெளையாடு.”

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னதைப் புரிந்துகொள்ள முயல்வதுபோல் பார்த்தான். நான் நடுவர் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. டிரெஸரே சொல்லிட்டாரு, நடிப்புதான்!

ஒப்புக்கொள்கிறேன்... அந்த ஆரவாரம் எனக்குப் பிடித்திருந்தது.

அவன் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போனான். ஊரோடும் நடுவரோடும் சண்டை போட்டவன் என்னிடம் மட்டும் சண்டை போடவில்லை. நான் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான் என்று நம்பினானோ என்னவோ.

அவனுடைய சர்வீஸ். முதல் பந்து வலையில். அடுத்ததும் வலையில். பிறகு தவறான பக்கத்தில் போய் நின்றான். நடுவர் சொல்லியும் நகரவில்லை. சிரிப்பு அலையலையாகக் கிளம்பியது. பந்தை மேலே போட்டான். பந்து கீழே வந்தது, மட்டை அசையவில்லை. வலையை நோக்கி ஏதோ கேட்கப் போவதுபோல் நடந்தான். இரும்புக் கம்பத்தில் தலை மோத விழுந்தான்.

கூட்டம் கை தட்டியது.

ஆமாம்! கை தட்டினார்கள்! “சினிமாவுக்குப் போடா!” என்று ஒருவன் கத்தினான். மாரியின் கைகால்கள் இழுத்து வெட்டுவதைக்கூட நடிப்பு என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஓடியது நான் அல்ல. வாத்தியார். வலையைத் தாண்டிப் போய் மண்டியிட்டு, அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, அவர் குரலில் நான் கேட்டேயிராத ஒரு கத்தல் கத்தினார்.

“டேய், இரத்தம்டா! மனுசங்களாடா நீங்கள்லாம்! டிரெஸர், என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறே!”

அப்போதுதான் ஓடினேன். ஓடியபின் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். பக்கவாட்டில் படுக்க வைத்தேன், இழுப்பு நின்றதும் கன்னத்தின் உள்ளே குளுக்கோஸைத் தேய்த்தேன், காயத்தை அழுத்திப் பிடித்தேன், காரில் ஏற்றிக்கொண்டு போனேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மாரி பிழைத்தான். தலையில் பட்ட அடியில் வலது கை விளங்காமல் போனது. மட்டை பிடிக்க முடியாது. ஃபோர்க்லிஃப்ட் வேலையும் போயிற்று. இனிப்பு நீர் விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அவன் பயந்த அத்தனையும் ஒரே நாளில் நடந்துவிட்டது.

வாத்தியார் கோப்பையை வாங்க மறுத்துவிட்டார். அதன்பிறகு அவர் களத்துப் பக்கம் வரவே இல்லை. என்னோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லவா முடியும்? அவர் கேட்டாரா என்னை?

நம் ரசிகர்கள் இருக்கிறார்களே... அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஒரே வாரத்தில் புலனக் குழுவில் எல்லோருடைய படமும் மாரி படமாக மாறியது. ‘நடிகர் திலகம்’ போய் ‘எங்கள் சிங்கம்’ வந்தது. நோயோடு போராடியே இத்தனை கோப்பையா என்று மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். எழுதியவர்களில் ‘சினிமாவுக்குப் போடா’ என்றவனும் இருந்தான். இவர்களுக்கு மாரியைத் தெரிந்துகொள்ள அன்றும் விருப்பமில்லை, இன்றும் விருப்பமில்லை. அன்று வெறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டான். இன்று கண்ணீர் விட ஓர் ஆள் தேவை. ஆடுகிறவன் அடிபட்டு மூலையில் கிடந்தால்தான் இவர்களுக்கு அவனைப் பிடிக்கும்.

கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மாரிக்கு மாலை. உயிரைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை!

போர்த்தினார்கள். நின்றேன். கும்பிட்டேன். தலைவர் பேசும்போது “நம்ம டிரெஸர் மட்டும் அன்னைக்கு இல்லைன்னா...” என்று தழுதழுத்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று நான் உயர்த்திய கட்டைவிரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் தாங்கள் இட்ட ஊளையையும் பேசவேண்டுமே! ‘டிரெஸர் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது, பிறகுதான் திடீரென்று இறங்கிவிட்டது’ என்று ஒரு கதை தானாகவே உருவாகிவிட்டது. அதை நான் உருவாக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

மாரிக்கு அந்த நாள் நினைவில் இல்லை. காலையில் மனைவி லெட்சுமி தோசை சுட்டது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரை.

விழா முடிந்த சில நாள்களில் மருந்தகத்துக்கு வந்தான். உட்கார்ந்தான். தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“அண்ணே, நான் மேசைக்கு வந்தேன்னு சொல்றாங்க. நீங்க பாத்தப்ப எவ்வளவு காட்டுச்சு?”

சாதாரணமாகத்தான் கேட்டான். சந்தேகம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. தன் உடம்பைப் பற்றிய ஒரு விவரம் கேட்டான். சொல்லிவிட எனக்குக் கிடைத்த வாசல் அது. எவ்வளவு அகலமான வாசல்!

“ஆறு புள்ளி ரெண்டு,” என்றேன்.

குத்தாத விரலுக்கு, பார்க்காத இரத்தத்துக்கு, ஓர் எண். எங்கள் கருவிக் கணக்கில் நல்ல எண். யாரும் குறை சொல்ல முடியாத எண்.

அவன் மடியில் கிடந்த கையைக் குனிந்து பார்த்தான்.

“ஆறு புள்ளி ரெண்டுலேர்ந்து அவ்வளவு சீக்கிரமாவா...” என்றான். “அப்ப என் ஒடம்பே எனக்குச் சொல்லாமக் கவுத்துருச்சுண்ணே.”

களத்தில் செய்ததுதான் என் பெரிய குற்றம் என்று நினைத்தீர்களா? நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தனை ஆண்டும் தன் உடம்பின் அறிகுறிகளை நம்பித்தான் அவன் நோயோடு வாழ்ந்தான். நடுக்கம் வந்தால் இனிப்பு, இனிப்பு தின்றால் தெளிவு. அந்த நம்பிக்கையை ஓர் எண்ணைச் சொல்லிப் பிடுங்கிவிட்டேன். சரியாக இருக்கும்போதே விழுந்துவிடுவோம் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. மகளைத் தனியாகக் கடைக்குக்கூட அழைத்துப் போகமாட்டான், வழியில் விழுந்தால் பிள்ளை என்ன செய்யும் என்பான். சீனியை இறங்கவே விடுவதில்லை. ஊசியைக் குறைத்துக்கொள்கிறான். சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய். கருவியில் பதினாறு, பதினெட்டு என்று எக்கச்சக்கமாக ஏறிக் காட்டினால்தான் அவனுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி அவன் கால் நரம்புகளைத் தின்றது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. போன வருடம் ஒரு விரலை எடுத்தார்கள். இப்போது பக்கத்து விரலும் கறுத்து வருகிறது.

வாரம் இருமுறை கட்டு மாற்ற என்னிடம்தான் வருகிறான். வேறு எங்கும் போகமாட்டான். “டிரெஸர் அண்ணன் கை பட்டாத்தான் எனக்கு நல்லாயிருக்கு,” என்கிறான். நேற்று லெட்சுமியும் கூட வந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

“நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. டாக்டரு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

“மாரி,” என்றேன், “ஒழுங்கா ஊசி போடு. சீனி எறங்குனாத்தான் கால் நிக்கும்.”

அவன் சிரித்தான். அந்தப் பழைய கர்வம் மிச்சமில்லாத சிரிப்பு.

“எறங்குனா விழுந்துருவேன்ணே. ஆறு புள்ளி ரெண்டுல விழுந்தவன் நான். நீங்கதானே பாத்தீங்க!”

லெட்சுமி என்னைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை. என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும், அந்தக் கால் பிழைக்கும்.

அதை உங்களிடம் சொல்கிறேன், பாருங்கள்! நீங்கள் யாரோ. உங்கள் காலில் புண் இல்லை. உங்களிடம் சொல்வதால் நான் எதையும் இழக்கப்போவதில்லை, அவனுக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது...

புண்ணைக் கழுவினேன். மருந்து வைத்தேன். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவன் இடது கையை என் தோளில் ஊன்றி எழுந்தான்.

“வரேன்ணே,” என்றான்.

நான் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன்.